கேட்டுக்காரரின் ஆறு மணி

பொம்பளையாக இருந்திருந்தால் மயிரைப் பிடித்து இழுத்து நடுத்தெருவில் போட்டிருப்பேன். ஊரும் என் பக்கம்தான் பேசியிருக்கும். ஆனால் என் வீட்டுக்காரரை என்னிடமிருந்து பறித்துக்கொண்டது ஓர் ஆம்பளை. நாற்பத்தைந்து வயசு, முன்மண்டை வழுக்கை, சாயம் போன காக்கிச் சட்டை, எந்நேரமும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கிற இடது கை. ரயில்வே கேட்டுக்காரர். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் என்னை மூலையில் இழுத்து, "உன் ஊட்டுக்காரு தெனம் சாயந்திரம் எங்கியோ போறாராமே, யாருடி அவ?" என்று ரகசியமாகக் கேட்டாள். கேட்டுக்காரர் என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பால் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் அவர் கேட்டுக்காரர்தான். பட்டறைக்குப் போகிற ஆண்களுக்கு மட்டும் அண்ணாத்த.

கும்மிடிப்பூண்டியில் பட்டறைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தில் இன்றைக்குத் தகரக் கொட்டகை நிற்கும். என் வீட்டுக்காரர் அப்படி ஒரு பட்டறையில் லேத்து மெஷினில் போல்ட்டு கடைந்துகொண்டிருந்தார். நான் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் ஊருக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் ரயில் பாதை. பாதையைத் தாண்ட ஒரே கேட்டு. வேலைக்குப் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். சாராயத்துக்குப் போனாலும் அதைத் தாண்டித்தான்.

சாராயம் எங்கள் வீட்டில் எனக்கு முன்னாலேயே குடியேறியிருந்தது. கல்யாணமான புதிதில் மதுவிலக்கு. திருட்டுச் சாராயம் காய்ச்சுகிற தோப்பெல்லாம் இவருக்கு அத்துப்படி. பிறகு எளாவூர் செக்போஸ்ட்டில் லாரி ஏறி ஆந்திராப் பக்கம் போய்க் குடித்துவிட்டு, வருகிற லாரியில் தொற்றிக்கொண்டு வருவார். அப்புறம் அரசாங்கமே மனசு வைத்து நெடுஞ்சாலையிலேயே கடை திறந்துவிட்டது. இவருக்கு லாரிச் செலவு மிச்சம்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். திட்டினேன், அழுதேன், தாய்வீட்டுக்குப் போய் ஒரு மாசம் உட்கார்ந்தேன், தாயத்து கட்டினேன், திருவள்ளூர்ப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன். பிள்ளையும் இல்லை எங்களுக்கு. பதினொரு வருஷம் என் முழு உத்தியோகம் இதுதான். பள்ளிக்கூடம் பகுதி நேரம்.

கடைசியில் பொன்னேரிப் பக்கத்து வைத்தியர் ஒருவரிடம் ஒரு பொடி வாங்கி வந்தேன். 'அவருக்குத் தெரியாம கலந்துடுங்கோ, குடியைக் கண்டாலே குமட்டும்' என்றார். மீன் குழம்பில் கலந்தேன். குடிக்கு முன்னாலேயே குமட்டிவிட்டது. இரண்டு நாள் வாயாலும் வயிற்றாலும் போய், மனுஷன் நார் மாதிரி ஆகிவிட்டார். விஷயம் தெரிந்த பிறகு, நான் முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் தட்டில் கை வைப்பார். கட்டின பெண்டாட்டிக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? அந்தச் சமயத்தில்தான் கேட்டுக்காரர் உள்ளே நுழைந்தார்.

எப்படி ஆரம்பித்தது என்பதைப் பின்னால் இவரே சொன்னார். சாயந்திரம் பட்டறை விட்டு, கடை வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தவர் பீடி தீர்ந்துபோய் கேட்டருகே பெட்டிக்கடைக்கு வந்திருக்கிறார். கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. கேட்டுக்காரர் கையில் பச்சைக் கொடியைப் பிடித்தபடியே, "நைனா, எத்தினி பொட்டின்னு எண்ணு. நானும் எண்றேன். தப்பா சொல்றவன் டீ போடணும்" என்றாராம். இவர் ஐம்பத்திரண்டு என்றார். அவர் ஐம்பத்துமூன்று என்றார். இரண்டு பேரும் கடைசியில் வருகிற கார்டு பெட்டி கணக்கில் சேருமா சேராதா என்று சண்டை போட்டார்கள். அதற்குள் டீ கொதித்தது. குடித்து முடித்ததும் கேட்டுக்காரர், "கடைக்கு இப்ப போறியா, அப்பால போறியா?" என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்.

"அப்பால போறேன்" என்றாராம் இவர்.

"சரி. அடுத்த கூட்ஸ் ஏழேகாலுக்கு."

அவ்வளவுதான். நான் பதினொரு வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது, ஒரு கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணி நடந்துவிட்டது. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

அந்த மனிதர் யாரிடமும் 'குடிக்காதே' என்று சொன்னதே கிடையாது. அதுதான் அவர் சங்கதி. அவர் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: எத்தனை மணிக்கு? 'எத்தினி மணிக்கு வருது நைனா, அந்தத் தாகம்?' பெரும்பாலும் எல்லாருக்கும் ஆறு மணிதான். பட்டறை விட்டு, கை கழுவி, வீட்டுக்குப் போகிறதற்குள் இருக்கிற அந்த வெற்று நேரம். அந்த நேரத்துக்கு அவருடைய கேட்டு ரூமில் ஒரு மர பெஞ்சும், அலுமினியக் கெட்டிலும், பெரிய பெரிய டம்ளர்களும் இருக்கும். சின்ன டம்ளரில் ஊற்றினால் அவருடைய கை ஆடுகிற ஆட்டத்துக்கு டீ தரையில்தான் போகும். முதலில் இவர் ஒருவர் போனார். பிறகு கூட லேத்து ஓட்டுகிற ஏழுமலை. அப்புறம் இன்னும் ஐந்து பேர். ஏழு தடி ஆம்பளைகள் வரிசையாக நின்று 'நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு' என்று கத்துவது எங்கள் பள்ளிக்கூடம்வரை கேட்கும். என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைவிட ஒழுங்காக எண்ணும்.

ஒரு நாள் ஏழுமலை நன்றாக ஏற்றிக்கொண்டு தள்ளாடி வந்திருக்கிறான். நான் அப்போது கேட்டுக்கு இந்தப் பக்கம் வண்டி போவதற்காக நின்றுகொண்டிருந்தேன். இப்போது கிடைக்கும் நல்ல பூசை என்று பார்த்தேன். கேட்டுக்காரர் அவனைப் பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்து, டீயை ஊதி ஊதிக் கொடுத்தார்.

"எத்தினி மணிக்கு குடிச்சே?"

"ஏழு... ஏழு இருக்கும் அண்ணாத்த."

"ஆறுக்கு வந்ததை ஏழுவரிக்கும் தள்ளிக்கினு வந்துட்டியே! பலே. நாளைக்கு ஏழே கால்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்டுக் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். குடித்துவிட்டு வந்தவனுக்குப் பலேயாம்! நான் பரீட்சையில் இப்படி மார்க் போட்டால் இன்ஸ்பெக்டர் என் வேலையைப் பிடுங்கிவிடுவார். ஏழுமலை அதற்குப் பிறகு குடிப்பது குறைந்து குறைந்து நின்றே போனது என்பது வேறு விஷயம். அதை அப்போது ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அவரும் ஒரு காலத்தில் மொடாக்குடியர்தான். மறைத்ததில்லை. போதையில் கேட்டை மூடாமல் தூங்கிப்போய், மாட்டுவண்டி ஒன்று மயிரிழையில் தப்பியதை அவரே எல்லாரிடமும் சொல்வார். பெண்டாட்டி நெல்லூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து, குடித்தால் ஆளையே புரட்டிப் போடுகிற மாத்திரை ஒன்றை ஒரு வருஷம் விழுங்கியிருக்கிறார். தெரிந்தே, டாக்டர் சொல்லித்தான். "மாத்திரை நல்லதுதான் நைனா, அதை குறை சொல்லக்கூடாது. ஆனா ஆறு மணிக்கு நம்ம மனசு படுற பேஜாரு அதுக்கு இன்னா தெரியும்? அதுக்கு மனுசங்க வேணும்" என்பாராம். அண்ணாத்த இப்படிச் சொன்னார், அண்ணாத்த அப்படிச் சொன்னார் என்று இவர் தினமும் வந்து ஒப்பிப்பார். நான் பாத்திரங்களை டமார் டமாரென்று வைப்பேன்.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல் நேரே கேட்டு ரூமுக்கே போய்விட்டேன். காலை நேரம், ஆள் இல்லை. அவர் அவசரமாக எழுந்து பெஞ்சில் பேப்பர் விரித்தார்.

"வாங்க டீச்சரம்மா, ஒக்காருங்க."

"என் ஊட்டுக்காரருக்கு இன்னா மருந்து குடுக்கிறீங்க?"

"டீ."

"வெறும் டீயா?"

"சக்கரை கொஞ்சம் தூக்கலா."

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறார். கெட்டிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மீன் கொழம்பு விஷயம்... அவருக்கே தெரியாம அவரு குடியை எப்பிடி நிறுத்த முடியும்? நிறுத்தும்போது அவரும் அந்த எடத்துல இருக்கணும் இல்ல?" என்றார்.

எனக்கு முகம் ஜிவ்வென்று சூடேறியது. என் அடுப்படி விஷயம் கேட்டு ரூம்வரை வந்திருக்கிறது! எழுந்து விறுவிறுவென்று வந்துவிட்டேன். அவர் சொன்னது சரி என்று பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏழு மாசம் ஒரு சொட்டு இல்லை. வீட்டில் புது விளக்கு வந்தது, எனக்கு ஒரு வாயில் புடவை வந்தது. ஊரே கையெடுத்துக் கும்பிட வேண்டிய விஷயம்தான். ஆனால் வீட்டுக்கு வந்தால் இவர் என்னிடம் என்ன பேசுவார்? 'சோறு போடு.' 'தண்ணி குடு.' 'தூக்கம் வருது.' அவ்வளவுதான். சின்ன வயசில் இவருடைய அப்பா இவரைக் கிணற்றுக் கயிற்றால் அடித்த கதை எனக்கு யார் சொல்லித் தெரிந்தது தெரியுமா? ஏழுமலை பெண்டாட்டி! லேத்தில் விரல் நசுங்கின நாளிலிருந்து மெஷினைப் போடும்போதெல்லாம் இவருக்கு உள்ளுக்குள் நடுக்கம், அந்த நடுக்கத்தை அடக்கத்தான் குடி அதிகமானது என்று சொன்னதும் அவள்தான். "உனுக்குத் தெரியாதா டீச்சர்? கேட்டு ரூம்ல சொல்லி அயுதாராமே" என்றாள். என் புருஷன் அழுததைப் பதினொரு வருஷத்தில் நான் ஒரு தரம் பார்த்ததில்லை. அந்த அழுகை என்னிடம் வந்து சேர வேண்டியது. வழியில் கேட்டுக்காரர் வாங்கிக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இவர் வந்ததும் துவைக்கப் போடுகிற சாக்கில் சட்டையை வாங்கி மோந்து பார்ப்பது என் வழக்கம். பதினொரு வருஷப் பழக்கம். குடி நின்ற பிறகும் மோந்து பார்த்தேன். மெஷின் எண்ணெய் வாசனை, வியர்வை, பீடி. வேறு ஒன்றும் இருக்காது. அப்படி ஒன்றுமே இல்லாத ஒரு சாயந்திரம், எனக்கு உள்ளே சப்பென்று ஆகிவிட்டது. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் ஏமாற்றம். இவர் குடித்துக்கொண்டிருந்தவரை நான் ஊருக்கே பாவப்பட்ட பத்தினி. இப்போது நான் யார்? சோறு போடுகிறவள்.

அந்த வாரம்தான் இவர் கைகழுவிக்கொண்டே சிரித்தபடி சொன்னார். "நீ சட்டையை மோந்து பாக்கறதை அண்ணாத்தகிட்ட சொன்னேன்."

"இன்னாது?"

"அண்ணாத்த இன்னா சொன்னாரு தெரியுமா? கோச்சிக்காத நைனா, பாத்தா பாக்கட்டும், டீச்சரம்மாவுக்கும் ஒரு ஆறு மணி இருக்குது இல்ல, அதுக்கு பாவம் யாரு டீ போட்டுக் குடுக்கறாங்கன்னாரு."

ஏழு குடிகாரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். என்னையும் தங்கள் வரிசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். மறுநாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு நோட்டுப் பேப்பரைக் கிழித்தேன்.

எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் கையெழுத்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம். அதனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி எழுதினேன். கோணல் மாணலாக, கொம்பை விட்டு, காலை முறித்து. எனக்கா தெரியாது பிள்ளைகள் எழுத்து! 'ரயில்வே ஐயா அவர்களுக்கு. இந்த கேட்டில் தினமும் குடிகாரர்கள் கூடுகிறார்கள். சீட்டு ஆடுகிறார்கள். கேட்டு நேரத்துக்கு மூடுவதில்லை. உயிர் போகும்முன் நடவடிக்கை எடுக்கவும்.' சீட்டாட்டம் பச்சைப் பொய். குடியை விட்ட பிறகு கேட்டை மூடுவதில் அவர் ஒரு நிமிஷம்கூடப் பிசகியதில்லை, அதனால் அதுவும் பொய். கையெழுத்துப் போடாமல் தபாலில் போட்டேன். போட்ட பிறகு பசி எடுத்து நன்றாகச் சாப்பிட்டேன்.

பத்து நாளில் ரயில்வே இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். சரியாக ஆறு மணிக்கு. கேட்டு ரூமுக்குள் வெளியாட்கள் வரக்கூடாது என்பது ரயில்வே சட்டம். அவர் பார்த்தது ஏழு வெளியாட்களை. டீ, பெஞ்சு, கும்பல். சீட்டுக்கட்டைத் தேடினார், இல்லை. ஆனால் அந்தக் கும்பலே போதுமானதாக இருந்தது. திருவள்ளூர் தாண்டி, பொட்டல் காட்டில் ஒரு கேட்டுக்கு அவரை மாற்றிவிட்டார்கள்.

கிளம்புகிற அன்று எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. இவர் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, ஆறு மணிக்கு அவருக்கு இன்னா வேலையாச்சும் சொல்லுங்க. சும்மா ஒக்கார வெக்காதீங்க. குடிச்சியா கிடிச்சியான்னு கேக்காதீங்க, எப்பிடி இருக்குதுன்னு கேளுங்க" என்றார். நான் தலையாட்டினேன். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜெயித்துவிட்டேன். ஆறு மணிக்கு என் புருஷன் என் வீட்டில். போண்டா போட்டேன். டீ போட்டேன், சர்க்கரை தூக்கலாகவே. எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். இவர் போண்டாவைப் பிய்த்துப் பிய்த்து வைப்பார். பேச்சே வராது. 'எப்பிடி இருக்குது?' என்று கேட்டுப் பார்த்தேன். 'இன்னா எப்பிடி?' என்றார். ஏழேகாலுக்குக் கூட்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நின்று, உதடு மட்டும் அசைய எண்ணுவார். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் பழையபடி கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இவர் போகவில்லை. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் சட்டையை மோந்து பார்ப்பதை மட்டும் விடவில்லை.

இரண்டு மாசம் கழித்து ஓர் அமாவாசைக்குத் திருவள்ளூர் போனோம். குடி நின்றால் குளத்தில் வெல்லம் கரைக்கிறேன் என்று பெருமாளுக்கு வேண்டியிருந்தேன். வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் போட்டு, வெளியே வந்ததும் இவர், "இவ்ளோ தூரம் வந்துட்டோம், அண்ணாத்தையைப் பாத்துட்டுப் போலாம்" என்றார். இதற்காகத்தான் கோயிலுக்கே வந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே போனேன்.

சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. பனைமரம், வேலிகாத்தான், ஒற்றைப் பாதை. கேட்டு ஒழுங்காக மூடியிருந்தது. கேட்டுக்காரர் கொடியோடு விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். வண்டி போகும்வரை அசையவில்லை. பிறகு எங்களைப் பார்த்து, "நைனா!" என்று கையை விரித்தபடி வந்தார். இவர் ஓடினார்.

பத்தடி தூரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பதினொரு வருஷம் பழகின மூக்கு. சாராயம்.

இவருக்கு முதலில் புரியவில்லை. கட்டிப்பிடித்த பிறகுதான் முகம் மாறியது. கேட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இங்க எண்றதுக்கு ஆள் இல்ல நைனா. நான் சொல்ற கணக்குதான் கணக்கு. சண்டை போட ஒருத்தன் இல்ல" என்றார். எங்கள் ஊர் ஆட்கள் ஏழு பேரையும் அவர்தான் தாங்கிக்கொண்டிருந்தார் என்று ஊரெல்லாம் நினைத்தது, நானும்தான். அந்த ஏழு பேரை வைத்துத்தான் அவரும் நின்றுகொண்டிருந்திருக்கிறார். ஆறு மணி அவருக்கும் இருந்திருக்கிறது. அது என் புத்திக்கு எட்டவேயில்லை.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. பாரய்யா உன் அண்ணாத்தையின் லட்சணத்தை என்று. ஒரு நொடிதான். அதற்குள் இவர் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, அடுப்பைப் பற்றவைத்து, கெட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இவர் அடுப்புப் பக்கம் வந்ததே இல்லை. டீயை ஊதி ஊதிக் கொடுத்தார். "எத்தினி மணிக்குண்ணே குடிச்சே?" என்று கேட்டார். நான் வெளியே பனைமரத்தடியில் நின்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் இவரும் ஏழுமலையும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனார்கள். எங்கள் கேட்டுக்கே அவரைத் திருப்பிப் போடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். அவர் பைலைத் திறந்து காட்டியிருக்கிறார். 'சீட்டாட்டம், கேட்டு மூடவில்லை என்று புகார் இருக்கிறது. எழுதினவரே வந்து, நான் எழுதினது பொய் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் யோசிக்கலாம்' என்றாராம்.

இவர் வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். மணி ஐந்தரை இருக்கும். "சின்னப் புள்ள எழுத்து மாரி இருக்குது. எவனோ புள்ளைய வெச்சி எழுதிக்கிறான். அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்..." என்று பல்லைக் கடித்தார்.

நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. ஆனால் அந்தப் பொட்டல் கேட்டில் அவர் தலைகுனிந்து நின்றது கண்ணைவிட்டுப் போகவில்லை. இன்னும் ஆறு மாசம் விட்டால் அவர் செத்தே போவார் என்று எனக்குத் தெரியும். குடியைப் பற்றி எனக்கா தெரியாது? சொன்னால் இவரும் இதே ஆத்திரத்தில் நேரே கடைக்குப் போவார். அதுவும் தெரியும்.

"நான்தாங்க எழுதினேன்" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. கை ஓங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். கேட்டுப் பக்கம்தான். நான் வாசற்படியில் நின்றேன். ஓடிப்போய் யாரிடம் சொல்வது? இப்படி ஒரு நேரத்தில் ஓடிப் போய்ச் சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்தார். அவரை நான்தான் அனுப்பிவைத்தேன். ஆறு மணி அடித்தது. கீரை அப்படியே முறத்தில் வாடிக்கிடந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஆறு மணியை நான் பார்த்ததில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார். கையில் ஒரு முழுப் பேப்பர். என் எதிரே போட்டார்.

"எழுது. உன் கையெழுத்துல எழுது. பேரும் போடு."

எழுதினேன். எழுதி முடிக்கும்வரை இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "கடை வாசல்ல நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். எச்சி ஊறிச்சி. உன்னைக் கொன்னுடலாம்னு இருந்துச்சி. அப்பால வந்துட்டேன்" என்றார். பதினொரு வருஷம் நான் ஏங்கின பேச்சு. கேட்டுக்காரருக்கு மட்டுமே கிடைத்துக்கொண்டிருந்த பேச்சு. அது எனக்கு இப்படி வந்து சேர்ந்தது. அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

ரயில்வே ஆபீசில் என்னை ஒரு மணி நேரம் நிற்கவைத்தார்கள். ஒரு டீச்சர் இப்படிச் செய்யலாமா என்று நாலு பேர் முன்னால் கேட்டார்கள். கடுதாசியை வாங்கிப் பைலில் சொருகினார்கள். அவரைத் திருப்பிப் போடவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, எங்கள் கேட்டுக்கு வேறு ஆள் நிரந்தரமாகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இவர் இரண்டு ரயில் மாறி அந்தப் பொட்டல் கேட்டுக்குப் போனார். சில வாரம் ஏழுமலையும் போவான். நான் அடை தட்டிக் கொடுத்தனுப்புவேன். கேட்டுக்காரர் மூன்று மாசம் நிறுத்துவார், ஒரு மாசம் குடிப்பார். மறுபடி நிறுத்துவார். கடிதம் எழுதினது நான் என்று இவர் அவரிடம் சொன்னாரா, சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது. கேட்க தைரியம் இல்லை. 'டீச்சரம்மா அடை பிரமாதம்னாரு' என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்து சொல்வார்.

கேட்டுக்காரர் இரண்டு வருஷம் தாங்கினார். மஞ்சள் காமாலை. ஈரல் போய்விட்டது என்றார்கள்.

நெல்லூரிலிருந்து பெண்டாட்டி பக்கத்தில் யாரும் வரவில்லை. கொள்ளி வைத்தது என் வீட்டுக்காரர். எடுக்கிறதற்கு முன்னால், அந்தப் பொட்டல் கேட்டின் ஒற்றை அறை வாசலில், அவருடைய ஆடாமல் கிடந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு இவர் அழுத அழுகை இருக்கிறதே, பெற்ற தகப்பன் போனபோதுகூட இவர் கண்கலங்கவில்லை. வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி, மூச்சு முட்டி அழுதார். நான் நாலு பொம்பளைகளோடு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாவில் எனக்குப் பங்கு உண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும், எனக்கு முதலில் வந்த நினைப்பு ஒன்றுதான்: நான் செத்தால் இந்த மனுஷன் இப்படி அழுவாரா?